அரை வாளி ஆவி

"மொண்டியா இல்லையா? அத மட்டும் சொல்லு."

"மொண்டேன். இன்னா இப்போ? தெனம் அர வாளி. மல்லிச் செடிக்குத்தான ஊத்துனேன்."

அலெக்சாண்டரும் அவர் மனைவியும் போடும் சண்டையை ஒட்டுக் கேட்கும் பழக்கம் எனக்கில்லை. அன்றைக்கு என் மாடிக் கொடியில் துணி அதிகம், அவ்வளவுதான்.

வேல்ராம்பட்டு ஏரிக்கரையில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே மதில். அந்தப் பக்கம் அகலமான தகரத் தொட்டி ஒன்று. ஏரித் தண்ணீர் ஒரு நாளில் எவ்வளவு ஆவியாகிறது என்று பார்க்கக் கல்லூரிக்காரர்கள் வைத்தது. தினமும் காலை எட்டரைக்கு எவ்வளவு குறைந்தது என்று அளந்து எழுதிவிட்டு, குறைந்ததை நிரப்ப வேண்டும். ஒரு நாளும் விடக்கூடாது. மில் மூடியபின் சும்மா இருந்த அலெக்சாண்டர் ஆசையாக வாங்கிய வேலை; அவருக்கு முட்டி பிடித்ததும் மகள் லினெட் தலையில் விழுந்தது. ஒரு வருடமாக அவள் பக்கத்திலிருக்கும் அரியாங்குப்பத்தைத் தாண்டவில்லை. மார்ச்சோடு வேலை முடியும், மே மாதம் கல்யாணம், ஜூனில் ஜோசப் ஆனந்தோடு பிரான்சுக்கு விமானம் என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

அவள் அம்மா அகஸ்டினாவுக்கு மார்ச் வரை பொறுக்கவில்லை. தண்ணீர் கண்டபடி குறைந்தால் ஓட்டைத் தொட்டி என்று தூக்கிப்போய்விடுவார்கள், மகளுக்கு விடுதலை என்பது அவள் யோசனை; மூன்று மாதமாக மொண்டுகொண்டிருந்தாள். கல்லூரிக்காரர்களோ இந்தக் கரையில் ஏன் இவ்வளவு ஆவியாகிறது என்று அசந்துபோய், வேலையை இரண்டு வருடம் நீட்டிவிட்டார்கள். போன வாரம்தான் அலெக்சாண்டர், மகளை ஒரு வார்த்தை கேட்காமல், கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார்.

"வெயில் அடிச்சா கொறையும், காத்து அடிச்சா கொறையும். இன்னிக்கு எதிர்வீடு தெரியாத மூட்டம், ஒரு எல அசையல. சித்திர மாசம் மாதிரி கொறைஞ்சிருக்கேன்னு பாத்தேன்" என்றார் அவர்.

லினெட் நோட்டோடு நின்றாள். "உண்மைய எழுதி அனுப்புனா?"

"மூணு மாசம் செல்லாது. மொதல்லேருந்து அளக்கச் சொல்லுவான்."

"அனுப்பலன்னா?"

"அதான் ரெண்டு வருஷம் இருக்குதே."

"வேற யாராச்சும் அளக்கக்கூடாதாப்பா?"

"யாரு? உங்கம்மாவா?"

அவள் அழவில்லை. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். "தாமரக்கா, நீங்க தெனம் மேலருந்து பாத்துட்டுதான இருந்தீங்க?"

என் தலையில் அந்தச் செடியின் பூ ஒரு முழம் இருந்தது. காயாத துணியையே எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

அவள் உண்மையைத்தான் எழுதினாள். மறுபடி முதலிலிருந்து அளக்கச் சொன்னார்கள். மே மாதக் கல்யாணம் தள்ளிப்போய், ஜூனில் ஜோசப் ஆனந்த் தனியாக விமானம் ஏறினான். ஒரு வருடம் காத்திருந்தான் என்பதையும் சொல்ல வேண்டும். பிறகு அங்கேயே மெரின் என்றொரு பெண்ணைக் கட்டிக்கொண்டான். படம் என் போனுக்குக்கூட வந்தது.

இங்கே மல்லிச் செடி மதில்மேல் குச்சியாக நிற்கிறது. காலையில் அகஸ்டினா கம்போடு தொட்டிப் பக்கத்தில் உட்கார்ந்து, தண்ணீர் குடிக்க வரும் காக்கைகளை விரட்டுகிறாள். எட்டரைக்கு லினெட் வந்து குனிகிறாள். காற்றில் தண்ணீர் ஆடுகிறது. அது அடங்கட்டும் என்று, அளவுகோலோடு, நின்றுகொண்டிருக்கிறாள்.