மேய்ச்சலுக்குப் போன அணுக்கள்

கடைசியாக என் கணவர் என்னிடம் கேட்டது ஒரு துளி ரத்தம். அடுப்பில் பால் பொங்கப் பார்த்தது. ஊசியோடு பின்னால் வந்து நின்றார்.

"கொசுகூட இவ்வளவு படுத்தாதுங்க."

"கொசு நன்றி சொல்லுமா? விரலை நீட்டு."

குத்தினார், நன்றி சொன்னார், கிளம்பினார். ஆய்வகப் படிக்கட்டிலேயே இதயம் நின்றுவிட்டது.

சில வாரம் கழித்து, அவரோடு வேலை பார்த்த பெண் கூப்பிட்டாள். எதையும் நம்பமாட்டாள் என்பதால் அவளுக்கு அவர் வைத்த பெயர் 'சந்தேகம்'. இருவருக்கும் ஒரு பந்தயம். வெள்ளை அணுக்களை எல்லோரும் போர்வீரர்கள் என்கிறார்கள், அவை மேய்கிற பிராணிகள் என்பார் இவர். உடம்பு என்று ஒன்று உண்டாகுமுன் தண்ணீரில் தனியாக இரை தேடித் திரிந்த உயிர்களின் பழக்கம் அவற்றுக்கு இன்னும் போகவில்லையாம். இரை இல்லாத இடத்தில் நேராக நடையைக் கட்டும். கிடைத்த இடத்தில் கோழி மாதிரி அங்கேயே வளையவரும். "சும்மா அலையுது சார்" என்பாள் அவள். தோற்றவர் ஆய்வகக் குடுவைகளையெல்லாம் கழுவ வேண்டும்.

"அக்கா, பந்தயம் பாதியில நிக்குது. அவர் சொன்னது சரியா தப்பான்னு தெரியாம தூக்கமே வரல. ஒரு துளி தருவீங்களா?"

போனேன். திரையில் என் அணுக்கள் சுருண்டு கிடந்தன. மூலையில் கிருமிகளை வைத்திருந்தும் ஒன்றும் அசையவில்லை.

"தோத்துட்டாரா?" என்றேன்.

அவள் கருவியைத் தொட்டுப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். "அய்யய்யோ! நேத்து நத்தை ரத்தம் பார்த்தேங்க்கா. அதுக்கு வெச்ச குளிர்லயே விட்டுட்டேன். பாவம், உங்களுது நடுங்கிக்கிட்டு உக்காந்திருக்கு!"

சூடேற்றிவிட்டு இன்னொரு விரலில் குத்தினாள். இந்த முறை கிளம்பின. குண்டாக ஒன்று காலி இடத்தை விடுவிடுவென்று கடந்தது, ஒரு கிருமியை விழுங்கியது, பிறகு அந்த இடத்தையே சுற்றத் தொடங்கியது.

"விடாதே, பக்கத்துல இன்னொண்ணு இருக்கு பாரு!" என்று கத்தினேன். அடுத்த அறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"ஒரு குண்டனை வெச்சு முடிவு சொல்ல முடியாதுக்கா" என்றாள் சந்தேகம். சிரித்தேன். அவர் இருந்திருந்தால் இதற்குத்தான் சண்டை போட்டிருப்பார்.

அதன்பின் வாராவாரம் போய் விரலை நீட்டினேன். நூற்றுக்கணக்கான தடங்களைக் கணினியில் வரைந்து பார்த்த பிறகுதான் அவள் எழுந்து சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டாள்.

"சரி சார், ஒத்துக்கிறேன்" என்று கூரையைப் பார்த்துச் சொன்னாள். குடுவைகளை அவள் கழுவினாள், நான் துடைத்து அடுக்கினேன். தொட்டிக் குழாயைச் சரிசெய்யச் சொல்லி அவர் எத்தனையோ முறை புகார் கொடுத்திருக்கிறார். அது இன்னும் ஒழுகுகிறது.