மீட்டரம்மாவின் காலடிக் கணக்கு

தபால் நிலையத் தெருவில் முதல் குழியைத் தோண்டியபோது ஒரு பழைய செருப்பு கிடைத்தது. அதுவும் இடது கால் மட்டும். ரோடு இன்ஜினியர் அதை மண்வெட்டி நுனியில் தூக்கிக் காட்டி, "இந்தாங்க, வரலாறு" என்றார். கூடியிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மீட்டரம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவள் கணவர் இறந்து அன்றோடு ஒரு வருஷம். முப்பத்திரண்டு வருஷம் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்தவர் என்பதால் அவர் மீட்டர்காரர், இவள் மீட்டரம்மா. கல்லூரிக்குள் அவர் கால் வைத்ததே மீட்டர் பார்க்கத்தான். ஆனால் ஊரின் சரித்திரத்தைப் பதினான்கு நோட்டுகளில் எழுதிவைத்திருந்தார். அதற்காக அவர் நுழையாத சந்து பொந்து கிடையாது. ஒருமுறை பழைய ஆலையின் புகைபோக்கியில் ஏறி இறங்கத் தெரியாமல் மாட்டிக்கொண்டார். தீயணைப்புக்காரர்கள் ஏணி வைத்து இறக்கியபோது, "கொஞ்சம் மேல போங்க தம்பி, ஒரு செங்கல்ல ஏதோ எழுதியிருக்கு" என்று அவர்களையும் மேலே கூட்டிப்போன ஆள் அவர்.

அவர் கண்டுபிடித்ததிலேயே பெரியது, இந்தத் தெருவுக்கு அடியில் செங்கல் வளைவு வைத்துக் கட்டிய பழைய தண்ணீர்த் தொட்டி. பார்த்தவர் அவர் ஒருத்தர்தான். சாலை அமுங்கி விழுந்த ஓட்டை வழியாக இறங்கிப் பார்த்தார். மறுநாளே ஓட்டையை மண் போட்டு மூடிவிட்டார்கள். யாரும் நம்பவில்லை.

இப்போது புதுச் சாலை போடுகிறார்கள். மாலை நாலு மணிக்குத் தார் லாரி வரும், அதற்குள் தொட்டியைத் தோண்டிக் காட்டியாக வேண்டும். ஐந்து மணிக்கு நூலகத்தில் மீட்டர்காரருக்கு நினைவுக் கூட்டம், நோட்டுகளை அலமாரியில் வைக்கப்போகிறார்கள். எந்த அலமாரி என்பதில்தான் வில்லங்கம். தொட்டி கிடைத்தால் வரலாற்று அலமாரி, கிடைக்காவிட்டால் சிறுவர் கதை அலமாரி என்று நூலகக் கமிட்டித் தலைவர் சொல்லிவிட்டார். பேசும் முயலுக்கும் பறக்கும் ஆமைக்கும் நடுவில் தன் புருஷன் உட்காரப்போகிறார் என்று நினைக்கவே மீட்டரம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"நோட்டுல தெளிவா இருக்கும்மா" என்றார் இன்ஜினியர். "தபால் நிலையப் படியிலேர்ந்து கிழக்கே இருநூத்திப் பன்னெண்டு காலடி. நானே நடந்து எண்ணினேன்."

மீட்டரம்மா அவருடைய காலைப் பார்த்தாள். ஒட்டகத்துக்குப் பேன்ட் மாட்டிவிட்டதுபோல் இருந்தது.

"யாரு காலடின்னு கேட்டீங்களா? அது என் காலடி."

உண்மைதான். அளவு நாடா வாங்கி வாங்கி மீட்டர்காரருக்கு அலுத்துவிட்டது. ஒன்று குளத்தில் போனது, இன்னொன்று புகைபோக்கியிலேயே தங்கிவிட்டது. கடைசியில், "நீ நடந்தா ஒரு அளவு மாறாது. நீதான் என் நாடா" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து பதினான்கு நோட்டிலும் ஊரை அளந்தது அவள் கால்தான். மனுஷன் கொஞ்சியதே அப்படித்தான்.

அவளே நடந்தாள். இருநூற்றுப் பன்னிரண்டில் சைக்கிள் கடை வாசல் வந்தது. தோண்டினார்கள். இரண்டு சோடா மூடிகள் கிடைத்தன. மணி மூன்று.

"இடம் உங்களுக்கே ஞாபகம் இல்லியா?" என்று கேட்டார் இன்ஜினியர்.

"அப்போ இந்தப் பக்கம் ஒரு கடை கிடையாது தம்பி. வெறும் பொட்டல்."

நோட்டுகளோடு வந்திருந்த நூலகர் அம்மாள் மட்டும் விடாமல் புரட்டிக்கொண்டிருந்தார். "ஓரத்துல பென்சில்ல ஏதோ இருக்கும்மா. எல்லா அளவுக்கும் பக்கத்துல எழுதியிருக்கார். 'சாதாரண நடை'. இங்க பாருங்க, 'முழங்கால் வலி, இரண்டு காலடி கழிக்க'. நம்ம தொட்டிக்கு..." கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "'கடுங்கோப நடை.'"

மீட்டரம்மாவுக்கு எல்லாம் நினைவு வந்தது. அன்று தங்கை மகள் கல்யாணத்துக்குக் கிளம்பிப் போய்க்கொண்டிருந்தார்கள். வழியில் அந்த ஓட்டை. இந்த மனுஷன் பொண்ணுக்குக் கொடுக்க வாங்கிய புதுப் பட்டுப்புடவையைப் பிரித்து, விளக்குக் கம்பத்தில் ஒரு முனையைக் கட்டி, புதுச் சட்டையோடு உள்ளே இறங்கிவிட்டார். சேறும் சகதியுமாக மேலே வந்தவர் பேசிய முதல் வார்த்தை, "தபால் நிலையத்துலேர்ந்து கொஞ்சம் நடந்து வாயேன்". அவள் நடந்தாள். அப்புறம் மூன்று நாள் அவரோடு பேசவில்லை.

"அப்போ நீங்க கோபமா நடக்கணும்" என்றார் இன்ஜினியர்.

"கோபம் என்ன குழாய்த் தண்ணியா, திறந்தா வர்றதுக்கு?"

ஆளாளுக்கு முயன்றார்கள். "உங்க வீட்டுக்காரர் சுத்தப் புளுகர்" என்றார் சைக்கிள் கடைக்காரர். "அத நானே எத்தனை தடவ சொல்லியிருக்கேன்" என்று அவள் சிரித்துவிட்டாள். உங்கள் நடை வாத்து நடை என்றார் இன்ஜினியர். அதற்கும் சிரிப்புதான் வந்தது. தூரத்தில் தார் லாரியின் சத்தம் கேட்டது.

நூலகர் அம்மாள் கீழே இன்னொரு வரியைத் தயங்கித் தயங்கி வாசித்தார். "'இறங்கப் பயன்படுத்திய கயிறு: வீட்டில் கிடந்த பழைய துணி.'"

மீட்டரம்மாவின் முகம் சிவந்தது.

"பழைய துணியா? நாலு கடை ஏறி இறங்கி வாங்கின பட்டு! கல்யாணத்துல வெறுங்கையோட நின்னேன், எந்தங்கச்சி ஒரு வருஷம் மூஞ்சி குடுத்துப் பேசல! எழுதறதுதான் எழுதறீங்க, உண்மைய எழுதினா கை வலிக்குமா?"

இறந்துபோன மனுஷனைத் திட்டிக்கொண்டே தபால் நிலையப் படிக்குப் போய்த் திரும்பி நடந்தாள். நடையா அது! சைக்கிள் கடையைத் தாண்டினாள். எதிரே வந்த தார் லாரி தானாக ஒதுங்கி நின்றது. இருநூற்றுப் பன்னிரண்டாவது காலை ஓங்கி ஊன்றிய இடம் தையல்கடை வாசல்.

"இங்க தோண்டுங்க!"

முழங்கை ஆழத்தில் செங்கல் வளைவு தெரிந்தது. இன்ஜினியர் குப்புறப் படுத்து, இடிந்திருந்த சந்துக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். எழுந்தபோது அவர் குரல் மாறியிருந்தது. "அம்மா, உள்ள பத்து வளைவு இருக்கு. பெரிய மண்டபம் மாதிரி." செங்கல் விளிம்பில் சிக்கியிருந்த ஒரு சாண் ஜரிகையை எடுத்து அவள் கையில் கொடுத்தார். அவள் சேற்றைத் துடைத்தாள். கோபம் அப்படியே இறங்கிப்போனது.

ஐந்து மணிக் கூட்டத்தில் கமிட்டித் தலைவரே நோட்டுகளைச் சுமந்துபோய் வரலாற்று அலமாரியில் அடுக்கினார். மீட்டரம்மா மேடை ஏறவில்லை. ஒரு பென்சில் வாங்கி, 'பழைய துணி' என்பதை அடித்து 'புதுப் பட்டு' என்று எழுதினாள். சாட்சியாக நூலகர் அம்மாளிடம் கையெழுத்தும் வாங்கினாள்.

"கட்டுல பதினஞ்சாவதா ஒரு நோட்டு இருக்கு, இது ஊரப் பத்தி இல்லம்மா" என்றார் நூலகர் அம்மாள் மெதுவாக. "ஒரே ஒரு பக்கம்தான் எழுதியிருக்கார். வீட்டுக்கே எடுத்துட்டுப் போறீங்களா?"

மீட்டரம்மா வாங்கிப் பார்த்தாள். தேதி போன வருஷத்தது, எழுத்து நடுங்கியிருந்தது.

'ஆஸ்பத்திரி வாசலிலிருந்து என் கட்டில் வரை: தொண்ணூற்றாறு காலடி. அவள் நடை: சந்தோஷ நடை. எனக்காக நடித்தது. உண்மையான நடைக்கு நூற்றுப்பத்து இருக்கும்.'

கண்ணைத் துடைத்துக்கொள்ள அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு நோட்டை நூலகரிடமே நீட்டினாள்.

"இதையும் வரலாத்துலயே வைங்க. கணக்கு சரிதான். நூத்திப்பத்துதான்."