கடிகாரம் மாதிரி

“மெதுவாக்கா, மெதுவா…” என்று வாயில் விரல் வைத்த பிறகுதான் இருதயமேரிக்கு உறைத்தது. சவப்பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்து வாய்விட்டு அழத் தொடங்கிய பக்கத்து வீட்டு சரளா திகைத்துப்போய் நிமிர்ந்தாள்.

“அம்மா, அவங்க அழட்டும் விடுங்க,” என்றாள் மகள் ஷெரில். “அப்பாவுக்கு இனிமே என்ன?”

எட்டு மாதப் பழக்கம் லேசில் போகுமா? முதல் மாரடைப்புக்குப் பிறகு கணவர் ஆம்புரோஸின் நெஞ்சு அதிரக் கூடாதென்று சிம்பாங் பூலாயில் இருந்த வீட்டையே வாயடைத்து வைத்திருந்தாள். டிவி ஊமையாக ஓடியது. அர்ச்சுனனைக்கூட கேட்டோடு திருப்பி அனுப்பினாள். ஒரே ரப்பர் தோட்டத்தில் பிறந்து, ஒரே லாரி ஓட்டிய கூட்டாளி. சாயங்காலமானால் வந்து, பந்து விளையாட்டைப் பற்றித் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துகிற மனுஷன். “அவரு தூங்குறாருண்ணே,” என்பாள். உள்ளே ஆம்புரோஸ் சுவரைப் பார்த்தபடி விழித்திருப்பார்.

போன வாரம் ஈப்போ ஆஸ்பத்திரியில், அவர் நெஞ்சில் ஒயர் ஒட்டி ஒருநாள் முழுக்கத் துடிப்பைப் பதிவு செய்ததைத் திரையில் காட்டினார்கள். கோடுகள் அச்சடித்ததுபோல ஒரே இடைவெளியில் ஓடின. “பாத்தீங்களா, கடிகாரம் மாதிரி ஓடுது!” என்று பூரித்துப்போனாள்.

பரிசோதித்த இளம் டாக்டர் ஷாமினி சிரிக்கவில்லை. “அதான் சரியில்ல ஆண்ட்டி. நல்ல ஹார்ட்டுன்னா மூச்சு இழுக்கறப்ப கொஞ்சம் வேகமா, விடறப்ப கொஞ்சம் மெதுவா அடிக்கும் லா. அங்கிளுக்கு மாறவே மாட்டேங்குது.” பிறகு தயங்கிக் கேட்டாள்: “மனசு சோர்ந்து கெடந்தாலும் இப்படி ஆகலாம். வீட்ல யார்கிட்டயாச்சும் சிரிச்சுப் பேசுறாரா?”

ஞாயிற்றுக்கிழமை அர்ச்சுனனை வரச் சொல்லி, கோழிக்கறி வைக்க வேண்டும் என்று மனசுக்குள் முடிவு செய்தாள். ஆம்புரோஸிடம் சொல்லவில்லை. சனிக்கிழமை காலையில் எழுப்பப் போனபோது உடம்பு சில்லிட்டிருந்தது. சொல்லியாவது இருக்கலாமே.

இன்றைக்கு ஞாயிறு. எல்லாரும் உள்ளே போய்வர, அர்ச்சுனன் மட்டும் கேட்டுக்கு வெளியே பழைய இடத்திலேயே நின்றிருந்தார். இருதயமேரி எழுந்து போனாள்.

“உள்ள வாங்கண்ணே.”

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அடிமேல் அடி வைத்து வந்தார். “நாளைக்கு எப்போ எடுக்குறீங்க, தங்கச்சி?” என்று அவள் காதோரம் கிசுகிசுத்தார்.

“சத்தமாவே பேசுங்கண்ணே.”

அவர் ஆம்புரோஸின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“டேய் மச்சான்! நேத்தும் நம்ம பசங்க தோத்துட்டானுங்கடா!”

கூடமே திடுக்கிட்டுத் திரும்பியது. இருதயமேரியின் வலது கை தன்னால் உதட்டுக்கு எழும்பியது. இடது கையால் அதைப் பிடித்து இறக்கி, இடுப்போடு சேர்த்து இறுக்கி வைத்துக்கொண்டாள்.