மேகம் சொன்ன கதையில் நான்

மூன்று நாள் சாப்பிடவில்லையாமே, யார், நானா, குடிகார அப்பாவிடம் அடி வாங்கிக்கொண்டு கொட்டும் பனியில் ஓடி வந்தேனாம், அடிப்பாவி மேகம், எனக்கு நினைவு தெரிந்து அப்பாவே கிடையாதே, அது உனக்குத் தெரியாதா... பார்லித் தேநீர்த் தட்டோடு நிற்கிறேன், ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை, அதுதான் ஆச்சரியம். நன்கொடை தர வந்தவர்கள் வாயைப் பிளந்து கேட்கிறார்கள், இவளும் ஏற்ற இறக்கத்தோடு சொல்கிறாள், நன்றாகத்தான் சொல்கிறாள். தேஜோன் நகரில், போக்கிடம் இல்லாத பிள்ளைகளுக்கான இந்த இளைஞர் இல்லத்துக்குள் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது, பதவி கிடையாது, பிடித்த பெயரை வைத்துக்கொள்ள வேண்டும், இயக்குநர் சோ மி-ஓக் எனக்கு மேகம், நான் அவளுக்குக் கூழாங்கல். மூத்தவர்களை நீ என்று சொன்னால் பல்லைத் தட்டிக் கையில் கொடுத்துவிடும் ஊரில், பதினாறு வயதில் வந்து நின்ற என்னிடம், "நீ, வா, போன்னே பேசு, இங்க யாரும் ஒசத்தி இல்ல" என்றாள், அந்த ஒரு பேச்சுக்காகவே இத்தனை வருஷம் இவளைச் சுற்றிச் சுற்றி வந்தேன். இன்று காலைதான் முழுநேர ஊழியராகச் சேர்ந்தேன், என் முதல் வேலை, அடையாள அட்டையை இவளே கழுத்தில் மாட்டிவிட்டாள், பிறகு காதோரமாக, "வந்தவங்க முன்னாடி மட்டும் இயக்குநர் அம்மான்னு சொல்லுடி, பெரிய மனுசங்க, தப்பா எடுத்துக்குவாங்க" என்றாள், நானும் சிரித்தேன், மக்கு, அப்போதே உறைத்திருக்க வேண்டாமா?

நடந்தது என்ன... அம்மாதான் டாக்ஸியில் ஏற்றிக்கொண்டு வந்தாள், வழியில் விலாக்கறிச் சூப்புக் கடையில் நிறுத்தி, தன் கிண்ணத்துக் கறியையெல்லாம் என் கிண்ணத்தில் அள்ளிப் போட்டாள், சாப்பிடு, நல்லா சாப்பிடு என்று, நானும் என்ன விசேஷமோ என்று வாங்கி வாங்கித் தின்றேன். இந்த வாசலில் இறக்கிவிட்டு, "நான் கட்டிக்கப்போறவரு வீட்ல ஏற்கெனவே ரெண்டு பசங்க இருக்காங்க, இடம் பத்தாதும்மா, கொஞ்ச நாள்தான்" என்றாள். கொஞ்ச நாள்! இதை உலகத்தில் ஒரே ஒருத்தியிடம்தான் சொன்னேன், இந்த மேகத்திடம், அவள் என் முதுகைத் தடவிக்கொண்டே, "இது என்னோட போகும்" என்றாள். போயிற்றா? அப்படியே எடுத்துச் சொல்லியிருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேனோ என்னவோ, அது இவளுக்குப் போதவில்லை, வயிறு முட்டத் தின்றுவிட்டு வந்த பெண்ணுக்காக யார் கைக்குட்டையை எடுப்பார்கள்?

"அந்தப் பொண்ணு இப்போ எங்க ஊழியர், இதோ நிக்கிறா!" என்கிறாள், கைதட்டல், ஓ, அப்படியா சங்கதி, எனக்கு வேலை தரவில்லை, இவள் கதைக்கு ஒரு முடிவு தேவைப்பட்டிருக்கிறது, அந்த முடிவுதான் தேநீர் ஊற்றிக்கொண்டிருக்கிறது. தட்டை வைத்துவிட்டு, மேகம், நீ பொய் சொல்றே என்று இவள் சொல்லிக்கொடுத்த அதே மொழியில் கேட்டுவிட வேண்டும்... நாக்கு நுனி வரை வந்துவிட்டது, அதற்குள் இவளே திரும்பி, "சரிதானே, கூழாங்கல்?" என்கிறாள், கண்ணில் ஒரு துளி கலக்கமும் இல்லை.

"ஆமாங்க, இயக்குநர் அம்மா."

என் வாயா அது? இடுப்பை வளைத்துக் குனிந்தும் விட்டேன். முத்துமாலை போட்ட அம்மாள் ஒருத்தி எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "எவ்ளோ பசிச்சிருக்கும் கண்ணு, அந்தப் பனியில ஒண்டியா ஓடி வந்தியே" என்று நிஜமாகவே அழுகிறாள், எனக்கும் கண் நிறைகிறது, அவமானம் என்றுதான் முதலில் நினைத்தேன், ஆத்திரம் என்று நினைத்தேன், அதெல்லாம் இல்லை... பனியில் வந்தாளே அந்தப் பட்டினிக்காரி, அவள் தானாக ஓடி வந்தவள், அவளை யாரும் சோறு போட்டுக் கொண்டுவந்து விடவில்லை, அவளாகவே இருந்திருக்கக் கூடாதா என்று எனக்கு ஆசையாக இருக்கிறதே, சீ, மேகத்தின் பொய் எனக்கே வேண்டியிருக்கிறதே, இனி எந்த முகத்தோடு போய் அவளிடம் சண்டை போடுவேன்?