கடம் வேண்டாம்

சுஜித் தம்பிக்கு நான் தர வேண்டியிருந்தது பதினேழாயிரத்து அறுநூறு ரூபாய். நாலு பாட்டு ரெக்கார்டிங் செய்த வகையில் நின்ற பாக்கி. அவர் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்காததால் எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சம்.

நான் மெய்க்காட்டுப் பணிக்காரி. கொத்தனாருக்குக் கலவையும் கல்லும் சுமந்து கொடுக்கிற வேலை. திருநெல்வேலிப் பக்கமிருந்து கல்யாணமாகித் திருவனந்தபுரம் வந்ததிலிருந்து இதுதான். இப்போது விழிஞ்ஞத்தில் வேலை. சாயங்காலம் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் அன்றைக்கு நல்ல நாள். கோயில் கொடை விழாக்களில் ஒரு குழுவோடு பின்பாட்டுப் பாடப் போவேன். சொந்தமாகவும் வரிகள் வரும். சட்டி சுமந்து ஏறும்போது வந்தது, இறங்கும்போது மறந்துபோகும். அதைப் பிடித்து வைக்கத்தான் நாற்பது வயதுக்கு மேல் எழுத்துப் படித்தேன். கூட வேலை செய்யும் ரோஸ், மத்தியானச் சோற்றுக்குப் பிறகு சிமெண்ட் சாக்குக் காகிதத்தில் எழுதிக் காட்டுவாள். அவளுக்கு நான் பட்ட கடன் எந்தக் கணக்கிலும் வராது.

கரமனையில் சுஜித் தம்பி தன் வீட்டு மாடியில் ஸ்டுடியோ கட்டியபோது பூச்சு வேலைக்குப் போனேன். காலி அறையில் குரல் நன்றாக நின்றது. பாடிக்கொண்டே வேலை செய்தேன்.

"அக்கா, அது யாரோட பாட்டு?"

"என்னோடதுதான் தம்பி."

அவர் சிரிக்கவில்லை. "ஒண்ணுகூடிப் பாடுங்க" என்று இன்னொரு தடவை பாடச் சொன்னார்.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் கொஞ்சம் கொஞ்சமாக நாலு பாட்டும் பதிவானது. நாகேஸ்வரன் சாரையும் அவர்தான் கூட்டிவந்தார். அக்ரஹாரத் தெருக்காரர், ஒரு ஆபீஸில் கணக்கு பார்க்கிறவர், கடம் வாசிப்பார். எனக்கு ஒரு கெட்ட பழக்கம், பயம் வந்தால் பாட்டு தாளத்தை விட்டு ஓடும். சாருடைய பானைதான் என்னைப் பிடித்து நிறுத்தும்.

கடைசியில் என் பெயர் மட்டும் போட்டு ஒரு கச்சேரி முடிவாயிற்று. கிழக்கேகோட்டையில் ஒரு சின்ன மாடி ஹால், சனிக்கிழமை சாயங்காலம். இத்தனை வருஷம் யாருக்கோ பின்னால் நின்றவள் முன்னால் நிற்கப் போகிறேன். பக்கத்தில் சாருடைய கடம் இருக்கும் என்கிற தைரியத்தில்தான் சம்மதித்தேன்.

வியாழக்கிழமை பஸ்ஸில் வரும்போது சுஜித் தம்பியிடமிருந்து மெசேஜ் வந்தது. எனக்குத் தமிழ் எழுத்து மட்டும்தான் தெரியும் என்று, மலையாளம் படித்த பிள்ளை சிரமப்பட்டுத் தமிழிலேயே அடித்திருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

"அக்கா, கடம் வேண்டாம். நிம்மதியா பாடுங்க."

கடம் இல்லாமல் எப்படி நிம்மதி? ஏன் என்று கேட்க நம்பரை எடுத்தேன். பதினேழாயிரத்து அறுநூறு ஞாபகம் வந்தது. பாக்கி வைத்திருக்கிறவள் எந்த வாயால் காரணம் கேட்பது? போனைப் பைக்குள் போட்டேன். வீட்டுக்கு வந்து சாரைத்தான் கூப்பிட்டேன்.

"சாரே, சனிக்கிழமை கடம் வேண்டாமாம்."

"யாராக்கும் சொன்னது?"

"சுஜித் தம்பி எழுதி அனுப்பிருக்கு."

"எழுதியே அனுப்பிட்டானா? சரி. டிக்கெட் வாங்கிண்டு முன் வரிசையில உக்காந்துக்கறேன். பாட்டு ஓடித்துன்னா எழுந்து போயிடுவேன், கேட்டேளா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். குரல் சிரிக்கவில்லை.

சனிக்கிழமை சுஜித் தம்பிக்கு வேறொரு வேலை இழுத்துவிட்டது. அவர் வருவதற்குள் நான் மேடை ஏறிவிட்டேன். மைக், நான், பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர். முதல் பாட்டு எடுத்தேன்:

சட்டியை இறக்கி வச்சேன்
கனம் மட்டும் இறங்கலையே

நாலு வரி போவதற்குள் பாட்டு ஓடத் தொடங்கியது. முன் வரிசையில் நாகேஸ்வரன் சார் இரண்டு கையையும் கக்கத்துக்குள் திணித்துக்கொண்டார், தாளம் போட்டுவிடக் கூடாது என்று. நான் நிறுத்திவிட்டேன்.

"பாட்டு ஓடிட்டு. பிடிச்சு இழுத்துட்டு வாறேன், கொஞ்சம் பொறுங்க" என்றேன்.

ஹால் முழுக்கச் சிரித்தது. ரோஸ் பின்னாலிருந்து, "மெதுவா வா பெண்ணே, யாரும் எறங்கிப் போகலை!" என்று கத்தினாள்.

கண்ணை மூடினேன். தலையில் கலவைச் சட்டி இருப்பதாக நினைத்துக்கொண்டேன். கனத்தோடு படியேறுகிறவளால் ஓட முடியாது. ஒரு படி, ஒரு மூச்சு, அடுத்த படி. அந்த நடையில் பாட்டை எடுத்தேன். ஓடாமல் நின்றது. நாலு பாட்டும், பதிவு செய்யாத இரண்டும் பாடினேன். கண் திறந்தபோது கடைசி வரிசையில் சுஜித் தம்பி நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்.

ஹால் வாடகை போக மிஞ்சிய பணம் கவரில் இருந்தது. அதை அவரிடம் நீட்டினேன்.

"இதை வரவு வச்சுக்கோங்க தம்பி. மிச்சத்தை மாசாமாசம் தாறேன்."

"அதான் வேண்டாம்னு எழுதினேனே அக்கா. ஆமா, சாரை ஏன் மேடையில காணோம்?"

"நீங்கதானே கடம் வேண்டாம்னு எழுதினீங்க?"

"ஆமா, கடம். நீங்க எனக்குத் தர வேண்டிய கடம்!"

மலையாளத்தில் கடனைக் கடம் என்பார்கள். இருபது வருஷமாகச் சந்தையிலும் சைட்டிலும் கேட்கிற வார்த்தை. அவர் வாயால் சொல்லியிருந்தால் காது கண்டுபிடித்திருக்கும். கண் படித்தது, பானையைக் கண்டது.

நாகேஸ்வரன் சார் இடுப்பில் கை வைத்தார். "ஏண்டா, கடன்னு எழுதப்படாதோ? ரெண்டு நாளா எனக்கு ராத்தூக்கம் இல்லை!"

"நான் மலையாளம் மீடியமாச்சே சாரே!"

சார் சிரித்த சிரிப்பில் எனக்கும் நெஞ்சு லேசானது. ஆனாலும் கவரை நான் விடவில்லை. "சும்மா தள்ளுபடி பண்ண வேண்டாம் தம்பி."

"சும்மா இல்லை அக்கா. உங்க பாட்டைக் கேட்டுத்தான் மூணு பேர் என்கிட்ட ரெக்கார்டிங்குக்கு வந்தாங்க. அதுல எனக்கு உங்க பாக்கிக்கு மேலயே கிடைச்சாச்சு."

அவரைப் பார்த்தேன். இந்த முறை கூச்சமில்லாமல் பார்க்க முடிந்தது.

"அப்போ சரியா எழுதி அனுப்புங்க."

அவர் அங்கேயே நின்று அடித்தார். என் போன் சிணுங்கியது. அவசரப்படாமல் ஒவ்வொரு எழுத்தாகச் சத்தம் போட்டுப் படித்தேன்:

"அக்கா, கடன் தீர்ந்தது."