சுவரிடம் சொன்னது

பத்து மாதமாக அண்ணியும் நாத்தனாரும் பேசிக்கொள்வதில்லை. பேச்சில்லை என்றதும் இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு இருந்தார்கள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். முன்பைவிட இரண்டு மடங்கு பேசினார்கள். ஒருத்தி முகத்தைப் பார்த்து ஒருத்தி பேசவில்லை, அவ்வளவுதான். அண்ணி அடுப்பைப் பார்த்துச் சொல்வாள்: "சில பேருக்கு ஏழு மணிக்கு மேலதான் விடியும்." நாத்தனார் கதவைப் பார்த்துப் பதில் சொல்வாள்: "சில பேரு விடியறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிடறாங்கப்பா." நடுவில் தட்டோடு உட்கார்ந்திருக்கும் அண்ணன்காரன், யார் பக்கம் தலையாட்டினாலும் வம்பு என்று தட்டையே பார்த்துக்கொண்டிருப்பான். பாவம், அவன் சாப்பிட்டது செரித்ததோ இல்லையோ.

இது வீட்டோடு நின்றிருந்தால் தொலையட்டும் என்று விட்டுவிடலாம். இரண்டு பேருக்கும் வேலையும் ஒரே இடத்தில். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் பின்பக்கம் இருந்த சலவைக்கூடம் அது. படுக்கை விரிப்பு, தலையணை உறை, டாக்டர்களின் கோட்டு என்று நாள் முழுக்க மூட்டை மூட்டையாக வந்து விழும். துவைக்கும் பக்கத்துக்கு அண்ணி பொறுப்பு. இஸ்திரியும் அலமாரியும் நாத்தனார் பொறுப்பு. இருவருக்கும் நடுவில் தூது போக ஒரு மெக்கானிக் இருந்தார். அவருக்கு எல்லோரும் வைத்த பெயர் 'அவசரம்'. காலையில் கூப்பிட்டால் மத்தியானம் வந்து நிற்பவருக்கு வேறு என்ன பெயர் வைப்பது?

சண்டைக்குக் காரணம் ஒரே ஒரு வார்த்தை. ஆஸ்பத்திரி வரவேற்பு மேசையில் ஓர் இடம் காலியானபோது நாத்தனார் விண்ணப்பம் போட்டிருந்தாள். நீராவியிலும் சூட்டிலும் வெந்தது போதும், இனி ஒரு நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கலாம் என்று அவளுக்கு ஆசை. மேலாளர் வராந்தாவில் அண்ணியை நிறுத்தி, "உங்க நாத்தனார் எப்படிம்மா?" என்று கேட்டார். அண்ணி சிரித்துக்கொண்டே, "தங்கமான பொண்ணு சார். வாய் மட்டும் கொஞ்சம் நீளம்" என்று சொல்லி வைத்தாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் வேலை வேறு ஒருத்திக்குப் போனது. வார்த்தை சுற்றிச் சுற்றி வந்து நாத்தனார் காதில் விழுந்தது. அன்றைக்கு நின்ற பேச்சு. அண்ணி ஒரு தடவை மன்னிப்புக் கேட்டிருந்தால் முடிந்திருக்கும். கேட்கவில்லை. 'நான் என்ன பொய்யா சொன்னேன்' என்று ஒரு வீம்பு.

அந்தச் செவ்வாய்க்கிழமை வெந்நீர் ஹீட்டரைச் சுத்தம் செய்யும் நாள். அந்த ஊர்த் தண்ணீரில் உப்பு அதிகம். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை ஹீட்டர் குழாய்க்குள் சுண்ணாம்பு மாதிரி கெட்டியாகப் படிந்துவிடும். அதைக் கரைக்க ஆசிட் வரும். வேலை தெரிந்தவள் அண்ணி. ரப்பர் கையுறை, கண்ணாடி, முட்டிக்குக் கீழ்வரை ஏப்ரன் எல்லாம் மாட்டிக்கொண்டு, ஜன்னல்களைத் திறந்து வைத்து, டிரம்மில் முதலில் தண்ணீர் நிரப்பி, பிறகுதான் ஆசிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக அதில் ஊற்றுவாள். மாற்றி ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும் என்பது அவளுக்குத் தூக்கத்திலும் தெரியும். ஒன்பது வருடத்தில் அவள் கையில் ஒரு சொட்டு பட்டதில்லை.

கலந்து முடித்ததும் டிரம்மின் மேல் சிவப்பு அட்டை மாட்ட வேண்டும். 'ஆசிட், தொடாதே' என்று எழுதிய அட்டை. அது அலமாரிக்குள் இருந்தது. அலமாரிச் சாவி நாத்தனார் இடுப்பில் இருந்தது.

அண்ணி கதவருகே வந்து நின்றாள். நாத்தனார் அந்தப் பக்கம் உறைகளை மடித்துக்கொண்டிருந்தாள். "சாவி குடு" என்று இரண்டு வார்த்தை. போயும் போயும் இரண்டு வார்த்தை! தொண்டை வரைக்கும் வந்தது. பத்து மாதத்துக்கு அப்புறம் நான்தான் முதலில் வாயைத் திறக்க வேண்டுமா என்று நினைத்தாள். திரும்பிவிட்டாள்.

ஆனால் சொல்லாமலும் இருக்க முடியவில்லை. ஹோஸ் பைப் நீளம் போதாததால் டிரம்மை அன்றைக்கு இஸ்திரிப் பக்கத்துச் சுவரோரம் நகர்த்தி வைத்திருந்தாள். நாலடி தள்ளி நாத்தனாரின் நல்ல தண்ணீர் டிரம் இருந்தது. அதுவும் நீலம், இதுவும் நீலம். அதனால் சுவரைப் பார்த்து உரக்கச் சொன்னாள்: "பாக்க பச்சத்தண்ணி மாதிரி சாதுவாத்தான் இருக்கும். கிட்டப் போனாத்தான் தெரியும் எப்படிக் கடிக்கும்னு. யாரா இருந்தாலும் தள்ளி நிக்கறது நல்லது!"

நாத்தனாரின் கை நின்றது. முகம் சிவந்தது. "கடிக்கறது யாருன்னு இந்த ஆஸ்பத்திரிக்கே தெரியும்" என்று இஸ்திரி மெஷினிடம் சொன்னாள்.

பதில் வந்துவிட்டது, அதனால் விஷயம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அண்ணி எடுத்துக்கொண்டாள். டிரம்மின் மூடியை மேலாக வைத்துவிட்டு, பைப்புக்குக் கிளிப் வாங்க அவசரத்தைத் தேடிப் போனாள். கூடத்தின் மறுகோடியில், ஒரு மோட்டாரின் முன்னால், அவர் யோசித்துக்கொண்டிருந்தார்.

"கிளிப்பு எங்க அண்ணே?"

"தேடிக்கிட்டே இருக்கேன்மா."

"உட்கார்ந்தபடியேவா?"

அவர் பதில் சொல்வதற்குள் அலறல் கேட்டது.

நடந்தது இதுதான். நாத்தனார் துணியில் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரே பாட்டிலை நிரப்ப வந்திருக்கிறாள். அது பழைய பாட்டில். உள்ளே வருடக்கணக்கில் உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது. பக்கத்திலேயே நீல டிரம் நிற்க, தன் தண்ணீர் டிரம் என்று எண்ணி அதில் மொண்டு ஊற்றி மூடியைத் திருகியிருக்கிறாள். உள்ளே ஆசிட் அந்த உப்பைத் தின்று நுரைத்துப் பொங்கியது. பாட்டில் ஏன் புஸ்ஸென்று இரைகிறது என்று கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து மூடியைத் தளர்த்தினாள். நுரை பீய்ச்சி அடித்து வலது கண்ணில் விழுந்தது.

அண்ணி ஓடி வந்தபோது அவள் தரையில் உட்கார்ந்து முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டிருந்தாள். அண்ணி அவளை இடுப்போடு அள்ளித் தூக்கி, துணி அலசும் தொட்டிக்கு இழுத்துப் போய், குளிர்ந்த தண்ணீர்க் குழாயைத் திறந்து தலையை அதன் கீழே சாய்த்தாள். வாசலுக்கு மேலே கடிகாரம் பத்து மணி ஏழு நிமிடம் என்று காட்டியது. பயிற்சியில் சொன்னது அவளுக்கு நினைவிருந்தது. பதினைந்து நிமிடமாவது கழுவ வேண்டும், குறையக் கூடாது, கண்ணைத் திறந்து வைத்துக் கழுவ வேண்டும். மற்றதெல்லாம் அதற்கப்புறம்.

"எரியுது! ஐயோ எரியுதே! விடு!"

"கண்ணத் திற!"

"முடியல!"

அண்ணி தன் விரலாலேயே இமைகளைப் பிரித்துப் பிடித்தாள். நாத்தனார் திமிறினாள். நகத்தால் அண்ணியின் கையைக் கீறினாள். "அண்ணன் வரட்டும்! இவ என் கண்ணப் புடுங்கறா! யாராவது வாங்களேன்!" என்று கத்தினாள். இஸ்திரிப் பக்கத்துப் பெண்கள் சுற்றி நின்றார்கள். டாக்டர் எதிர்க் கட்டிடத்தில்தான் இருக்கிறார், நூறு அடி தூரம், இவள் ஏன் இங்கே வைத்துச் சித்திரவதை செய்கிறாள் என்று ஆளாளுக்குச் சத்தம் போட்டார்கள். ஒருத்தி அண்ணியின் தோளைப் பிடித்து இழுத்தாள். அவர்கள் சண்டையைப் பத்து மாதமாகப் பார்த்தவர்கள் அல்லவா, மனதில் என்ன ஓடியிருக்கும் என்று சொல்லவா வேண்டும்!

"யாரும் கை வைக்காதீங்க!" என்று அண்ணி கத்தினாள். "ஒருத்தி போய் டாக்டர்கிட்ட சொல்லுங்க. ஆசிட் கேன் மேல ஒட்டியிருக்கற காகிதத்தப் பாத்து அந்தப் பேர எழுதி எடுத்துட்டுப் போங்க. ஓடுங்க!"

அன்றைக்கென்று அவசரம் நிஜமாகவே ஓடி வந்தார். கையில் சோடா உப்புக் கரைசல் வாளி. வேலை முடிந்ததும் மீதி ஆசிட்டைச் சாக்கடையில் விடுமுன் அதைத்தான் கொட்டி அடக்குவார்கள். "இத ஊத்தும்மா, உடனே அடங்கிடும்!" என்றார்.

"அண்ணே, அது சாக்கடைக்கு! இது கண்ணு! எடுத்துட்டுப் போங்க அந்தப் பக்கம்!"

அவர் வாளியோடு அப்படியே பின்வாங்கினார்.

நாலாவது நிமிடமோ ஐந்தாவது நிமிடமோ நாத்தனார் திமிறுவதை விட்டுவிட்டாள். உடம்பு மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் மூக்கிலும் வாயிலும் போக, இருமி இருமிப் பேசினாள்.

"என்ன அது? தண்ணிதானே அது?"

"ஆசிட்."

"ஆசிட்னு ஏன் சொல்லல?"

"சொன்னேனே! தள்ளி நிக்கணும், கடிக்கும்னு கத்திச் சொன்னேனே!"

நாத்தனார் அழுதாள். வலியில் அழுதது போல இல்லை, வேறு மாதிரி அழுதாள். "என்னத்தான் சொல்றீங்கன்னு நெனச்சேன்" என்றாள்.

அண்ணியின் விரல் இமையிலிருந்து வழுக்கியது. மறுபடி பிடித்தாள். சாது, கிட்டப் போனால் தெரியும், கடிக்கும். அடிப்பாவி, நீ சொன்ன வார்த்தையை நீயே ஒருமுறை கேட்டுப் பார் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். பத்து மாதமாகச் சுவரிடம் சொன்னதெல்லாம் நாத்தனாரைக் குத்தத்தான். இன்றைக்கு ஒரு நாள் மட்டும் அது ஆசிட்டைப் பற்றி என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

"கண்ண மேல பாரு. இப்ப கீழ பாரு. அப்படித்தான். எங்கண்ணுல்ல, கொஞ்ச நேரம் பொறுத்துக்கோ" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். தன் கண்ணீர் அவள் முகத்தில் சொட்டுவது தெரிந்து கன்னத்தைத் தோளில் துடைத்துக்கொண்டாள். கை மரத்துப்போனது. கடிகாரத்தின் முள் நகரவே மாட்டேன் என்றது. பத்து இருபத்திரண்டு ஆனதும் எதிர்க் கட்டிடத்திலிருந்து நர்ஸ் ஸ்ட்ரெச்சரோடு வந்தாள். "எவ்வளவு நேரமா கழுவறீங்க?" என்று கேட்டாள். நேரத்தைச் சொன்னதும், "நல்ல வேளை" என்று மட்டும் சொல்லிவிட்டு, உள்ளே கொண்டுபோய் இன்னும் அரை மணி நேரம் கழுவினாள்.

மூன்றாம் நாள் டாக்டர் கட்டை அவிழ்த்துப் பார்த்தார். கண் பிழைத்துவிட்டது என்றார். உடனே கழுவாமல் தூக்கிக்கொண்டு ஓடி வந்திருந்தால் இந்த வார்த்தையைச் சொல்லியிருக்க முடியாது என்றார். ஆனால் கருவிழியின் ஓரத்தில் ஒரு வெள்ளை தங்கும். அந்தக் கண்ணுக்கு எல்லாம் நீராவிக்குள் தெரிவது போலத்தான் தெரியும், முழுக்கத் தெளியுமா என்பதை இப்போது சொல்வதற்கில்லை என்றும் சொன்னார். அண்ணன்காரன் சுவரில் சாய்ந்து நின்று கேட்டுவிட்டு வெளியே போய்விட்டான். யாரையும் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட அண்ணிக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அன்றைக்கே பாதுகாப்பு அதிகாரி ஒரு படிவத்தோடு வந்தார். கட்டிலருகே நாற்காலியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டார். டிரம்மில் அட்டை மாட்டியிருந்ததா? இல்லை. கலவையை விட்டு நகர்ந்தது யார்? நான்தான். அண்ணி எல்லாவற்றுக்கும் நின்றபடியே பதில் சொன்னாள்.

"பக்கத்துல வேலை செய்யறவங்களுக்கு வாயால எச்சரிக்கை சொன்னீங்களா?"

சாட்சிக்கு வந்திருந்த அவசரம் முந்திக்கொண்டார். "சொன்னாங்க சார். அந்தக் கோடியில இருந்த எனக்கே கேட்டுச்சு."

கட்டிலில் படுத்திருந்த நாத்தனார் அசையவில்லை. மறுபடி கட்டுப் போட்ட முகத்தைக் கூரைப் பக்கம் வைத்திருந்தாள்.

"சொல்லல சார்" என்றாள் அண்ணி.

"யோசிச்சுச் சொல்லுங்கம்மா. அவர் கேட்டேங்கறாரு. இல்லைன்னு எழுதினா துவைக்கற பக்கத்துப் பொறுப்பு உங்க கையில இருக்காது."

"சத்தம் போட்டேன் சார். இவகிட்ட சொல்லல. இல்லைன்னே எழுதுங்க."

அவர் எழுதிக்கொண்டு போனார். அவசரமும் தலையைச் சொறிந்தபடி பின்னாலேயே போனார். அறையில் இரண்டு பேர் மட்டும் இருந்தார்கள். அண்ணி நாற்காலியில் உட்காரவில்லை, கட்டிலின் கால்மாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மன்னித்துவிடு என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். அந்த வேலை விஷயத்துக்கும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று மூன்று நாளாக மனதுக்குள் கோர்த்து வைத்திருந்தாள்.

நாத்தனார் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"மன்னிப்பெல்லாம் அப்புறம் அண்ணி. அன்னைக்கு எங்கிட்ட என்ன சொல்லியிருக்கணுமோ, அத இப்ப சொல்லுங்க. எம்மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க."

அண்ணி தலைமாட்டுக்கு வந்தாள். திறந்திருந்த இடது கண் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. அண்ணி அந்தக் கண்ணைப் பார்த்துச் சொன்னாள்.

"பாப்பா, அந்த டிரம்ல ஆசிட் இருக்கு. கை வைக்காத."

"சரி அண்ணி" என்றாள் நாத்தனார். "வைக்கல."