இடது கையின் அளவு

சட்டையின் இடது கை வழுக்கிக்கொண்டு போனது. வலது கை முழங்கையோடு நின்றுவிட்டது.

"மூச்சை இழுத்துப் பிடிடி," என்றாள் அம்மா.

"மூச்சு கையிலயாம்மா இருக்கு?"

தப்பு அம்மாவுடையதுதான். முழுக்கை வைத்தால் தெரியாது என்று நினைத்தவள், இடது கையை மட்டும் அளந்து தையல்காரரிடம் கொடுத்திருந்தாள். பதினேழு வருஷமாக டென்னிஸ் மட்டை வீசி வீசி மகளின் வலது கை பருத்துப்போனதை வெளி ஆளிடம் எப்படிச் சொல்வது, வெட்கக்கேடு!

அந்தக் கைதான் போன மாதம் சாம்பியன் கோப்பையைத் தூக்கியது. அரங்கமே எழுந்து கைதட்டியது. வீட்டிலிருந்து ஒருத்தர்கூட வரவில்லை. ஓட்டல் அறையில் கோப்பையை எதிர் நாற்காலியில் உட்காரவைத்துத் தனியாகச் சாப்பிட்டாள்.

கூடத்தில் சம்பந்தம் பேச வந்தவர்கள் காத்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா குரல் கேட்டது.

"விளையாட்டை விட்டுட்டா அந்தக் கை வத்திடும்ல?"

"ஆறே மாசத்துல வத்திடும்ங்க," என்றார் அப்பா. "இனிமே மட்டையைத் தொடமாட்டா. பேசி முடிச்சாச்சு."

யாரிடம் பேசி முடித்தாராம்? அவளுக்குச் சுருக்கென்றது. அம்மாவைப் பார்த்தாள். அம்மா ஜன்னலைப் பார்த்தாள்.

மகள் கத்தரியை எடுத்து வலது கைத் துணியைத் தோளோடு வெட்டிப்போட்டாள்.

"அடிப்பாவி, புதுத் துணிடி!"

ஆறு கோப்பைத் தேநீரோடு தட்டை வலது கையால் மட்டும் ஏந்திக் கூடத்துக்குப் போனாள். எல்லாக் கண்களும் அந்தக் கையில்தான் இருந்தன.

"வத்தாதுங்க," என்றாள் மாப்பிள்ளையின் அம்மாவிடம். "அடுத்த வாரம் ஆட்டம் இருக்கு."

"கலந்து பேசிட்டுச் சொல்றோம்" என்று எழுந்துவிட்டார்கள். வாசல்வரை போன மாப்பிள்ளை, எதையோ மறந்தவன்போலத் திரும்பி வந்தான்.

"ஆபீஸ்ல எல்லாரும் உங்க ரசிகருங்க. ஒரு கையெழுத்து... அம்மாவுக்குத் தெரிய வேணாம்."

போட்டுக் கொடுத்தாள், அதே கையால். காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் ஒளித்துக்கொண்டு போனான்.

அதன்பிறகு அந்த வீட்டில் யாரும் அவளோடு பேசவில்லை. அப்பா செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். அவள் மட்டைகளைப் பையில் அடுக்கினாள். ஒற்றைக் கைச் சட்டையையும் மடித்து மேலே வைத்தாள். தூக்கி எறிய மனசு வரவில்லை. விவரம் தெரிந்த நாளிலிருந்து, அம்மா அவளைத் தொட்டு அளவெடுத்தது அது ஒன்றுக்குத்தான். அதிலும் பாதிதான் எடுத்தாள்.